அரை டம்ளர் டீ: எங்கள் மனநலத் தோழமைக் குழுவைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியில் ஒரு தட்டச்சுப் பயிற்சி நிலையத்தின் மாடியில், மாதத்தின் இரண்டாவது, நான்காவது ஞாயிற்றுக்கிழமைகளில் சாயங்காலம் நான்கு மணிக்குக் கூடுகிறோம். மனநோய் வந்து, சிகிச்சை எடுத்துக்கொண்டு, அதோடு வாழ்கிறவர்கள் நாங்களே நடத்தும் குழு இது. எனக்கு பைபோலார், அதாவது இருமுனைக் கோளாறு: மனம் சில காலம் அளவுக்கு மீறிப் பொங்கும், சில காலம் அடியோடு சோர்ந்துவிடும். பதினொரு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறேன். இந்தக் குழுவுக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. முதல்முறை போன் செய்கிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். போனில் அவசரமாகச் சொல்வதை இங்கே நிதானமாக எழுதியிருக்கிறேன். உறுப்பினர்களைப் பற்றிச் சொல்லும் இடங்களில், அவர்களிடம் கேட்டுவிட்டு, ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

இது என்ன குழு? டாக்டர் இருப்பாரா?

இருக்க மாட்டார். கவுன்சிலரும் இல்லை. சமூகப் பணி படித்தவர்கள் பார்க்க வரலாமா என்று கேட்பார்கள்; அவர்களையும் கூட்டத்துக்குள் விடுவதில்லை. உள்ளே உட்கார்ந்திருக்கும் எல்லோரும் ஏதோ ஒரு காலத்தில் ஒரு மனநல மருத்துவமனையின் ஓபி பெஞ்சில் உட்கார்ந்து டோக்கன் நம்பருக்காகக் காத்திருந்தவர்கள். மனச்சோர்வு, பைபோலார், ஸ்கிசோஃப்ரினியா என்னும் மனச்சிதைவு, பதற்றக் கோளாறு, வேண்டாத எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வரும் ஓசிடி என்று எல்லாம் உண்டு. நோயின் பெயரை வைத்து ஆளைப் பிரித்து உட்கார வைப்பதில்லை. யாருக்கு என்ன என்பது தானாகத் தெரியவரும்போது தெரியவரட்டும்.

குழுவை நடத்துகிறவரும் எங்களில் ஒருவர்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆள் மாறும்.

டாக்டர் இல்லாமல் இதில் என்ன குணமாகும்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர் பெரும்பாலும் அப்பாவாகவோ அண்ணனாகவோ இருப்பார். நியாயமான கேள்விதான். நாங்கள் சிகிச்சை கொடுப்பதில்லை. மருந்து, ஊசி, கவுன்சிலிங் எல்லாம் அதது இருக்கும் இடத்தில் நடக்கட்டும். டாக்டர் பத்து நிமிடம் பார்க்கிறார். அவரையும் குறை சொல்ல முடியாது. இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை, வெளியே அறுபது பேர் நிற்கிறார்கள். அந்தப் பத்து நிமிடம் போக மீதி நாட்களை எப்படிக் கழிப்பது? காலையில் எழ முடியாதபோது எப்படி எழுவது, மாமியாரிடம் என்ன சொல்வது, வேலைக்குப் போனால் அந்த இரண்டு வருட இடைவெளிக்கு என்ன காரணம் சொல்வது? இதையெல்லாம் ஏற்கெனவே ஒருமுறை கடந்து வந்தவரிடம்தான் கேட்க முடியும்.

இது நாங்கள் கண்டுபிடித்த வழியும் இல்லை. 1845இலேயே லண்டனில், மனநோய் விடுதிகளில் அடைபட்டு வெளியே வந்தவர்கள் சேர்ந்து தங்களுக்காக ஒரு சங்கம் வைத்தார்கள். அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் ஜான் பெர்சிவல். 1812இல் சுட்டுக்கொல்லப்பட்ட இங்கிலாந்துப் பிரதமர் ஸ்பென்சர் பெர்சிவலின் மகன் அவர். அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் 1935இல் இரண்டு குடிநோயாளிகள் ஒருவரோடு ஒருவர் பேசத் தொடங்கியதில் பிறந்ததுதான் இன்று தமிழ்நாட்டின் பல ஊர்களில் நடக்கும் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டம். மனநோயிலிருந்து மீண்டுவந்த சிலர் அந்த மாதிரிக் கூட்டங்களில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, 1957இல் சிட்னியில் ‘குரோ’ என்ற குழுவை ஆரம்பித்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட சமூக மனநல வழிகாட்டியில், நைரோபியில் மனநோய் கண்டவர்களே நடத்தும் ஒரு குழு நல்ல முன்மாதிரியாகச் சொல்லப்பட்டிருக்கிறது. அதே வழிகாட்டியில் கிராமத்துத் தொண்டர்களே மனநல உதவி செய்யும் குஜராத்தின் ஆத்மியதாவும், நெடுநாள் மனநல விடுதியில் இருந்தவர்கள் ஊருக்குள் வாழச் சென்னையில் தி பேனியன் அமைப்பு நடத்தும் ‘ஹோம் அகெய்ன்’ வீடுகளும் இருக்கின்றன. இதை எழுதும்போது எனக்கு உள்ளபடியே பெருமையாக இருக்கிறது.

கூட்டத்தில் என்னதான் நடக்கும்?

நான்கு மணிக்குக் கதவு திறக்கும். தட்டச்சு இயந்திரங்களெல்லாம் ரெக்சின் உறை போட்டு வரிசையாக இருக்கும். அவற்றைச் சுவரோரம் தள்ளிவிட்டு ஸ்டூல்களை வட்டமாகப் போடுவோம். முதல் கால் மணி நேரம் டீ. கீழே கடையிலிருந்து தூக்கில் வாங்கி வருவோம்.

அந்த டீயைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எங்கள் குழுவில் டம்ளரில் பாதி அளவுதான் ஊற்றுவோம். பைபோலாருக்குக் கொடுக்கும் லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் கை லேசாக நடுங்கும். வேறு சில மாத்திரைகளிலும் நடுக்கம் உண்டு. முழு டம்ளர் டீயை வாங்கினால் தளும்பி மடியில் கொட்டும். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் காபி கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுவது எங்களில் பலருக்குப் பழக்கம். ஆசை இல்லாமல் இல்லை, கை ஆடுவதை நாலு பேர் பார்ப்பார்களே என்றுதான். நான் முதல் நாள் போனபோது உறையூர் அக்கா ஒருவர் என்னை ஒன்றுமே கேட்காமல் பாதி டம்ளர் டீயை நீட்டினார். ‘தீர்ந்ததும் மறுபடி ஊத்திக்கலாம் தம்பி’ என்றார். அவர் நீட்டிய கையும் ஆடிக்கொண்டிருந்தது. எத்தனையோ ஆஸ்பத்திரி ஏறி இறங்கியிருக்கிறேன், என் கை நடுக்கத்துக்கு ஏற்றபடி ஒருவர் டம்ளரை நிரப்பியது அன்றுதான்.

சரி, டீ முடிந்ததும் ஒரு சுற்று. ஒவ்வொருவரும் இரண்டு நிமிடம், இந்த இரண்டு வாரம் எப்படிப் போனது என்று சொல்வார்கள். தூக்கம், சாப்பாடு, மாத்திரை, வீடு என்று ஏதாவது. அப்புறம் யாருக்கு அதிக நேரம் வேண்டும் என்று கேட்போம். இருவரோ மூவரோ கை தூக்குவார்கள். மீதி நேரம் அவர்களுக்கு.

பேசும் முறையில் ஒரே ஒரு விதியை மட்டும் கறாராகப் பார்ப்போம். ‘நீ இப்படிச் செய்’ என்று யாரும் யாருக்கும் சொல்லக் கூடாது. ‘எனக்கு இப்படி இருந்தது, நான் இதைச் செய்து பார்த்தேன், இப்படி ஆனது’ என்று சொல்லலாம். சின்ன வித்தியாசம்போலத் தெரியும். ஆனால் வருடக்கணக்காக ‘வாக்கிங் போ’, ‘மனசைத் தைரியமா வச்சுக்கோ’, ‘எல்லாம் நீயா நினைச்சுக்கறது’ என்று கேட்டுக் காது புளித்தவருக்கு அந்த வித்தியாசம் உடனே தெரிந்துவிடும். ஒரு பால் பூத் அண்ணன், மனச்சோர்வு உள்ளவர், ஒருமுறை சொன்னார்: ‘குளிக்கணும்னு நெனச்சா மலையா இருந்துச்சு. அதனால குளிக்கணும்னு நெனைக்கறதை விட்டுட்டு, பாத்ரூம்ல போய் ஸ்டூல் போட்டுச் சும்மா உக்காந்தேன். மூணாம் நாள் தண்ணி மோந்து ஊத்திக்கிட்டேன்.’ அதைக் கேட்டு அடுத்த வாரம் ஸ்டூல் வாங்கியவர்கள் இரண்டு பேர். ‘தினமும் குளி’ என்று அவர் சொல்லியிருந்தால் யார் காதிலும் ஏறியிருக்காது.

ஆறு மணிக்கு முடிப்போம். ஸ்டூல்களைப் பழைய இடத்தில் வைத்து, டம்ளர் கழுவி, பெருக்கிவிட்டுக் கிளம்புவோம். வேலைகள் எல்லாம் முறை வைத்துத்தான். ‘பாவம், அவரால் முடியாது’ என்று யாரையும் அதிலிருந்து ஒதுக்குவதில்லை. வீட்டில் ஒரு வேலையும் கொடுக்காமல் கண்ணாடிப் பாத்திரம்போல் வைத்திருக்கிறார்கள் என்பது எங்களில் பாதிப் பேருக்கு இருக்கும் மனக்குறை. இங்கே உங்கள் முறை வரும்போது சாவி உங்களிடம்தான் இருக்கும். நீங்கள் வராவிட்டால் பதினைந்து பேர் படிக்கட்டில் நிற்க வேண்டியிருக்கும்.

நான் பேசியே ஆக வேண்டுமா?

வேண்டாம். ஒருவர் மூன்று மாதம் ஒரு வார்த்தை பேசவில்லை. வரும்போது ஒரு பொட்டலம் அவித்த வேர்க்கடலை வாங்கி வருவார். மடியில் துண்டை விரித்து, தோலை உரித்து, பருப்பைத் தட்டில் போட்டு வட்டத்தில் அனுப்புவார். சுற்றில் அவர் முறை வந்தால் தலையை ஆட்டுவார், அடுத்தவருக்குப் போய்விடுவோம். நான்காவது மாதம் ஒருநாள் கடலையை உரித்துக்கொண்டே, தலை நிமிராமல், ‘எங்க அம்மா போனதுக்கு நான் அழலை’ என்றார். அதற்கு மேல் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. இப்போது அவர்தான் புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் போன் செய்கிறவர்.

தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால்?

திருச்சி பெரிய ஊர்தான், ஆனால் அவ்வளவு பெரிய ஊர் இல்லை. இந்தப் பயம் எல்லோருக்கும் உண்டு, குறிப்பாகக் கல்யாணத்துக்குப் பார்த்துக்கொண்டிருக்கும் வீடுகளில். அதனால்தான் வாசலில் எங்கள் பெயர்ப் பலகை கிடையாது. தட்டச்சு நிலையத்தின் பலகை மட்டும் இருக்கும். மாடிப்படி ஏறுகிறவரைப் பார்த்தால் லோயர் பரீட்சைக்குப் படிக்கிறார் என்று நினைத்துக்கொள்ளலாம். உள்ளே போட்டோ எடுக்க மாட்டோம். வருகைப் பதிவேடு இல்லை. விருப்பப்பட்ட பெயரில் கூப்பிடச் சொல்லலாம். வெளியே கடைத்தெருவில் எதிரே வந்தால், நீங்கள் முதலில் சிரித்தால்தான் நாங்கள் சிரிப்போம். கூட ஆள் இருக்கும்போது ‘இவர் யார்’ என்று கேட்டால் என்ன சொல்வது என்று தவிக்க வேண்டாம் பாருங்கள்.

உள்ளே கேட்டதை வெளியே பேசியதால் ஒருவரை ஒரு வருடம் வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம். வருத்தத்தோடு எடுத்த முடிவு அது, ஆனால் சரியான முடிவு.

மாத்திரையை நிறுத்தச் சொல்வீர்களா? அல்லது சாப்பிடச் சொல்லிக் கட்டாயப்படுத்துவீர்களா?

இரண்டும் இல்லை. மாத்திரை பிடிக்கவில்லை என்று இங்கே தாராளமாகச் சொல்லலாம். வீட்டில் அதைச் சொன்னால் பதறிப்போய் டாக்டருக்கு போன் போடுவார்கள், இங்கே கேட்டுக்கொண்டிருப்போம். எடை ஏறுவது, பகலெல்லாம் தூங்கி வழிவது, தாம்பத்தியத்தில் வரும் சிக்கல், வாய் உலர்வது எல்லாம் நிஜம். யாராவது திடீரென்று தானாக நிறுத்திவிட்டேன் என்றால், அப்படி நிறுத்திப் பார்த்தவர்கள் தங்களுக்கு என்ன ஆனது என்று சொல்வார்கள். எனக்கு என்ன ஆனது என்று நானும் சொல்வேன்: ஐந்தாவது வாரம் அட்மிட் ஆனேன். குறைக்க வேண்டுமென்றால் டாக்டரிடம் கேட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க முடியும். அதை எப்படிக் கேட்பது என்று ஒத்திகை பார்ப்போம். ஒருவர் டாக்டராக உட்கார்வார், இன்னொருவர் ஒரு தாளில் மூன்று கேள்விகள் எழுதிக்கொண்டு வந்து கேட்பார். ஓபியில் நாக்கு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க இது மிகவும் உதவியிருக்கிறது.

லித்தியம் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் ஊர் வெயில் அப்படி. லித்தியம் உடம்பில் எவ்வளவு இருக்கிறது என்று ரத்தப் பரிசோதனை செய்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கடைசி மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும். காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு லேபுக்குப் போனால் கணக்கு தப்பாக வரும். தைராய்டும் சிறுநீரகமும் அவ்வப்போது பார்க்க வேண்டும். கத்திரி வெயிலில் வியர்த்து நீர் வற்றினாலும், வயிற்றுப்போக்கு வந்தாலும், ரத்தத்தில் லித்தியம் அளவு ஏறும். மூட்டு வலி என்று மெடிக்கல் ஷாப்பில் ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் வாங்கிப் போட்டாலும் ஏறலாம். கை வழக்கத்தைவிட மோசமாக உதறுவது, வாந்தி, பேச்சுக் குழறல், நடை தள்ளாட்டம் வந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் நாங்கள் ஒருவருக்கொருவர் ‘தண்ணி குடிச்சீங்களா’ என்று மெசேஜ் போட்டுக்கொள்வது இதனால்தான்.

காதில் குரல் கேட்கிறவர்களும் வருவார்களா? பயமாக இருக்காதா?

வருவார்கள். பயப்பட ஒன்றும் இல்லை. சொல்லப்போனால், அந்த மனிதர்தான் பெரும்பாலும் உள்ளே பயந்துபோய் உட்கார்ந்திருப்பார்.

நெதர்லாந்தில் மாரியஸ் ரோம் என்ற மனநல மருத்துவரிடம் பாட்சி ஹாகே என்ற பெண் சிகிச்சைக்கு வந்துகொண்டிருந்தார். ‘எனக்குக் குரல் கேட்பது உண்மை, அதைப் பற்றி நீங்கள் ஏன் என்னோடு பேசுவதே இல்லை’ என்பது அவருடைய வாதம். 1987இல் இருவரும் தொலைக்காட்சியில் தோன்றி, குரல் கேட்கிறவர்கள் தொடர்புகொள்ளலாம் என்றார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் தொடர்புகொண்டார்கள். அவர்களில் பலர் எந்த மருத்துவரிடமும் போகாமலே குரலோடு குடும்பம் நடத்தி வந்தவர்கள். அடுத்த வருடம் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் குரல் கேட்பவர்களின் குழு தொடங்கியது. இன்று பல நாடுகளில் இருக்கிறது.

அங்கே கேட்கும் கேள்விகளைத்தான் நாங்களும் கேட்கிறோம். குரல் எப்போது வருகிறது? என்ன சொல்கிறது? யாருடைய குரலைப் போல இருக்கிறது? எங்களில் ஒருவருக்கு அவருடைய பழைய கணக்கு வாத்தியாரின் குரல். அவர் இப்போது அந்தக் குரலிடம், ‘ஐயா, இப்ப வேலையில இருக்கேன், ராத்திரி ஏழு மணிக்குப் பேசுவோம்’ என்று மனசுக்குள் மரியாதையாகச் சொல்லிவிடுவார். ஏழு மணிக்குப் பத்து நிமிடம் ஒதுக்குவார். மாத்திரையும் சாப்பிடுகிறார். குரல் போகவில்லை, ஆனால் பகலில் லேத் பட்டறையில் நின்று வேலை பார்க்க முடிகிறது.

எங்கள் வீட்டில் குணசீலம் கூட்டிப்போனார்கள். அதைச் சொன்னால் கோபப்படுவீர்களா?

எதற்குக் கோபம்? எங்களில் பலர் அங்கே நாற்பத்தெட்டு நாள் தங்கியவர்கள்தான். மனநோய் தீரும் என்று நம்பிக் கூட்டிவரும் குணசீலம் பெருமாள் கோயில் எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. உச்சிகாலத்திலும் இரவிலும் முகத்தில் தீர்த்தம் தெளிக்கும்போது மனசுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று ஒரு அக்கா அடிக்கடி சொல்வார். அந்த ஆறுதலை யாரும் அவரிடமிருந்து பறிக்க வேண்டியதில்லை. தர்காவுக்கும் மாதா கோயிலுக்கும் போகிறவர்களும் உண்டு.

ஆனால் சங்கிலியை மட்டும் நாங்கள் எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க மாட்டோம். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்தது. காலில் சங்கிலி போட்டுக் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். ஒவ்வொரு வருடமும் ஆகஸ்டில் வரும் முதல் கூட்டத்தில் அவர்களுக்காக எழுந்து நிற்கிறோம். எங்களில் இருவருக்குக் கணுக்காலில் இன்னும் சங்கிலித் தழும்பு இருக்கிறது. 2017ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய் உள்ளவரை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. எங்கேயாவது கட்டி வைத்திருப்பதைப் பார்த்தால் மாவட்ட நிர்வாகத்துக்கோ காவல் நிலையத்துக்கோ சொல்லுங்கள்.

என் மகன் வர மாட்டேன் என்கிறான். நான் கூட்டிக்கொண்டு வரலாமா?

அம்மா, நீங்கள் படும் பாடு எங்களுக்குத் தெரியும். எங்கள் அம்மாக்களும் அதைப் பட்டவர்கள்தான். ஆனால் வலுக்கட்டாயமாகக் கூட்டிவர வேண்டாம். ‘சும்மா ஒரு இடத்துக்குப் போய்ட்டு வருவோம் வா’ என்று பொய் சொல்லியும் வேண்டாம். அப்படிச் சொல்லித்தான் எங்களில் பலரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அந்த வார்த்தையை மறுபடி கேட்டால் உடம்பு விறைத்துக்கொள்ளும். எங்கள் போன் நம்பரை ஒரு தாளில் எழுதி, அவர் கண்ணில் படும் இடத்தில் வைத்துவிடுங்கள். எட்டு மாதம் கழித்து அந்தத் தாளோடு வந்தவர் ஒருவர் இருக்கிறார்.

குடும்பத்தினர் வட்டத்துக்குள் உட்கார முடியாது. நீங்கள் இருந்தால் அவர் உங்களைப் பற்றிப் பேச முடியாதே. குடும்பத்தினருக்கென்று தனியாக, மூன்றாவது ஞாயிறு, அவர்களே ஒரு கூட்டம் நடத்துகிறார்கள். தயவுசெய்து அதற்கு வாருங்கள்.

யாராவது ‘சாகணும்போல இருக்கு’ என்று சொன்னால் என்ன செய்வீர்கள்?

அந்தப் பேச்சை மாற்ற மாட்டோம். ‘அப்படியெல்லாம் பேசாதே’ என்று வாயை அடைக்கவும் மாட்டோம். ‘இப்பவே ஏதாவது செய்துக்கணும்னு தோணுதா?’ என்று நேராகக் கேட்போம். அப்படிக் கேட்பதால் எண்ணம் தூண்டப்படும் என்று பலர் பயப்படுகிறார்கள். தூண்டாது, பேச ஒரு ஆள் இருக்கிறார் என்றுதான் தெரியும். எங்களில் முக்கால்வாசிப் பேர் அந்த எண்ணத்தோடு வாழ்ந்து பார்த்தவர்கள், அதனால் கேட்கும்போது எங்கள் முகம் மாறாது.

ஆமாம் என்று சொன்னால் அவரைத் தனியாக வீட்டுக்கு அனுப்ப மாட்டோம். இரண்டு பேர் கூட இருப்பார்கள். அவர் சொல்லும் ஒருவருக்கு போன் செய்வோம். தேவைப்பட்டால் அரசு மருத்துவமனை அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஆட்டோவில் கூடவே போவோம், அல்லது 108ஐ அழைப்போம். இதை மட்டும் ரகசியம் காக்கும் விதியிலிருந்து விலக்கி வைத்திருக்கிறோம். முதல் நாளே எல்லோரிடமும் சொல்லிவிடுவோம்.

கூட்டம் இல்லாத நாளில், நடு ராத்திரியில் அப்படித் தோன்றினால், டெலி மானஸ் எண் 14416. அரசு 2022 அக்டோபரில் தொடங்கியது, இலவசம், இருபத்துநான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா அமைப்பின் எண் 044 2464 0050. தமிழக அரசின் 104லும் பேசலாம். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்காதீர்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்று 2017 சட்டம் சொல்கிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவே இல்லை.

கட்டணம் எவ்வளவு?

ஒன்றும் இல்லை. டீக்கு ஒரு உண்டியல் இருக்கிறது. முடிந்தவர் போடலாம். யார் போட்டார், யார் போடவில்லை என்று பார்க்க மாட்டோம்.

நடத்துகிறவருக்கே உடம்பு சரியில்லாமல் போனால்?

போகும். எனக்கே போயிருக்கிறது. ஒளிக்காமல் சொல்கிறேன்.

நான் நடத்திக்கொண்டிருந்த காலம். தூக்கம் மூன்று மணி நேரமாகக் குறைந்தது. உற்சாகம் பொங்கியது. குழுவுக்குச் சொந்தமாக ஒரு கட்டடம் வேண்டும் என்று தோன்றி, கண்டோன்மெண்டில் ஒரு இடம் பார்த்து, என் கைக்காசோடு குழுவின் காசையும் சேர்த்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். விடியற்காலை மூன்று மணிக்கு எல்லோருக்கும் போன் செய்து திட்டம் சொன்னேன்.

எங்களிடம் ஒரு மஞ்சள் ஃபைல் இருக்கிறது. நன்றாக இருக்கும் நாளில் ஒவ்வொருவரும் அதில் ஒரு தாள் எழுதி வைப்போம்: எனக்கு உடம்பு கெடத் தொடங்கினால் எப்படித் தெரியும், அப்போது யாரைக் கூப்பிட வேண்டும், என்னிடம் என்ன சொல்ல வேண்டும், என்ன சொல்லக் கூடாது. உறையூர் அக்காவும் பால் பூத் அண்ணனும் என் தாளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். ‘தம்பி, இது உங்க கையெழுத்துதானே, படிங்க’ என்றார் அக்கா. ‘ராத்திரி போன் பண்ண ஆரம்பித்தால், பெரிய தொகை செலவழித்தால், என்னை டாக்டரிடம் கூட்டிப்போங்கள். அக்காவை அனுப்புங்கள். வாதம் செய்யாதீர்கள்’ என்று நானே எழுதியிருந்தேன். வேறு யார் சொல்லியிருந்தாலும் அன்றைக்குக் கேட்டிருக்க மாட்டேன். என் எழுத்தை என்னால் மறுக்க முடியவில்லை. மறுநாள் போனோம். அட்மிட் ஆகாமல், டோஸ் கூட்டியதோடு சமாளித்தோம்.

கணக்கு நோட்டை அக்கா வாங்கி வைத்துக்கொண்டார். அட்வான்ஸில் பாதிதான் திரும்பி வந்தது; குழுவின் பங்கை நான் மாதாமாதம் கட்டினேன். நான்கு மாதம் கழித்து ஒரு கூட்டத்தில், பேச்சோடு பேச்சாக, அக்கா அந்த நோட்டை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு, ‘போன மாசம் டீக்கு முந்நூத்தி நாப்பது, எழுதலை, எழுதிடுங்க’ என்றார்.

2017 சட்டத்தில் இதற்குச் சமமாக ஒரு ஏற்பாடு இருக்கிறது. எப்படிச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். உங்கள் சார்பில் பேச ஒருவரையும் நீங்களே நியமிக்கலாம். நம் ஆட்களில் மிகச் சிலரே அதைச் செய்திருக்கிறார்கள். குழுவுக்கு வந்தால் எழுத உட்காருவோம்.

குழுவில் சண்டை வருமா?

வரும். பெரும்பாலும் மின்விசிறியை எந்த வேகத்தில் வைப்பது என்பதில். பெரிய சண்டைகளும் வந்திருக்கின்றன. இருவர் விலகிப்போய் ஒருவர் திரும்பி வந்தார். இன்னொருவர் வராதது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

ஊனமுற்றோர் அட்டை வாங்க உதவுவீர்களா?

விவரம் சொல்வோம், கூடவும் வருவோம். 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் மனநோயும் ஒன்று. அரசு மருத்துவமனையில் மதிப்பீடு செய்வார்கள். தன்னைப் பார்த்துக்கொள்வது, மற்றவர்களோடு பழகுவது, பேசிப் புரியவைப்பது, வேலை செய்வது ஆகியவற்றைப் பார்த்துச் சதவீதம் போடுவார்கள். 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகள். அன்றைக்கு நன்றாக உடுத்தி, நன்றாகப் பேசிவிட்டு, ‘உங்களுக்கு ஒன்றும் இல்லையே’ என்று கேட்டுத் திரும்பியவர்கள் உண்டு. மோசமான நாட்கள் எப்படி இருக்கும் என்று எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். பழைய மருந்துச் சீட்டுகளையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் தூக்கிப்போடாதீர்கள். அட்டை வாங்குவது அவமானம் என்று நினைக்கிறவர்களிடம் நான் வாதாடுவதில்லை. அது அவரவர் முடிவு.

வேலை பார்க்கும் இடத்தில் சொல்லலாமா?

என் அனுபவத்தை மட்டும் சொல்கிறேன். ஒரு கம்பெனியில் மேலதிகாரியை நம்பிச் சொன்னேன். அடுத்த மாதத்திலிருந்து எனக்கு முக்கியமான வேலை ஒன்றும் வரவில்லை. எல்லோரும் மிக அன்பாகப் பேசினார்கள், பைல் மட்டும் என் மேசைக்கு வரவில்லை. ஒரு வருடத்தில் நானே விட்டுவிட்டேன். இன்னொரு உறுப்பினர் தன் கடை முதலாளியிடம் சொன்னபோது, அவர் செக்கப் நாளில் சம்பளத்தோடு லீவு கொடுத்தார். யாரிடம் சொல்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எங்கள் ஊரில் இப்படி ஒரு குழு ஆரம்பிக்க என்ன வேண்டும்?

இரண்டு பேர், ஒரு அறை, மாறாத ஒரு நேரம். மூன்றாவதுதான் கடினம். ஆரம்பத்தில் ஏழு கூட்டங்களுக்கு இரண்டே பேர்தான் வந்தார்களாம். அவர்கள் இருவரும் ஒரு தடவைகூட ரத்து செய்யவில்லை. மழையில் யாரோ ஒருவர் மூன்று வாரம் யோசித்து, தைரியம் வரவழைத்து வந்து பார்க்கும்போது கதவு பூட்டியிருக்கக் கூடாது.

அறை கிளினிக்கிலோ ஆஸ்பத்திரியிலோ வேண்டாம். பக்கத்தில் ஒரு நல்ல மனநல மருத்துவரைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மாவட்ட மனநலத் திட்டக் குழுவிடம் சொல்லி வையுங்கள். தமிழ்நாட்டில் அந்தத் திட்டம் முதலில் வந்தது எங்கள் திருச்சியில்தான், 1997இல். இப்போது எல்லா மாவட்டங்களிலும் இருக்கிறது. வாட்ஸாப் குழுவில் கூட்டத்தின் தேதி, நேரம், அப்புறம் அந்தத் தண்ணீர் மெசேஜ் மட்டும் போடுங்கள். ராத்திரி ஒரு மணிக்கு ஒருவர் துயரத்தைக் கொட்டி, நாற்பது பேர் தூக்கத்தில் இருந்து, யாரும் பதில் போடாமல் விடிவது மிகவும் கொடுமை. நாங்கள் அதை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் இந்த விதியை வைத்தோம். அந்த நேரத்துக்கு யாருக்கு போன் செய்யலாம் என்று ஒவ்வொருவருக்கும் இரண்டு பெயர் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

முதல் நாள் எப்படி வருவது?

முந்தின நாள் ஒரு போன் செய்யுங்கள். கடலை உரிப்பவர் பேசுவார். அவர் அதிகம் பேச மாட்டார், நீங்களும் பேச வேண்டியதில்லை. எந்தப் பஸ்ஸில் வருகிறீர்கள், எந்த நிறச் சட்டை என்று மட்டும் கேட்பார். ஞாயிற்றுக்கிழமை மூன்றே முக்காலுக்குக் கீழே டீக்கடை பெஞ்சில் இருப்பார். மேலே வரப் பிடிக்காவிட்டால் அங்கேயே அவரோடு டீ குடித்துவிட்டுத் திரும்பிப் போகலாம். இரண்டு தடவை அப்படிப் போய்விட்டு மூன்றாவது தடவை மாடி ஏறியவர்கள் இருக்கிறார்கள். படி பதினெட்டு, கைப்பிடி இடதுபக்கம் இருக்கிறது. செருப்பை மேலே கழற்றினால் போதும்.